உலோகத்தைத் தின்னும் நுண்ணுயிர்ப் பொடியை நம்பலாமா?

கடிதத்தின் சுருக்கம்

அப்பா தொடங்கிய மின்முலாம் பட்டறையை இப்போது பொறுப்பேற்று நடத்தும் ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். துத்தநாகம், நிக்கல், குரோமியம் என மூன்று முலாம் வரிசைகள். நாளொன்றுக்குச் சுமார் 15,000 லிட்டர் கழுவுநீர். குரோமியத் தண்ணீருக்கு மட்டும் தனித் தொட்டி வைத்து, மெட்டாபைசல்ஃபைட் (குரோமியத்தின் நச்சைக் குறைக்கும் உப்பு) போட்ட பிறகு மற்றதோடு சேர்க்கிறார்கள். சயனைடு கலந்த துத்தநாகக் கழுவுநீரும் நிக்கல் கழுவுநீரும் ஒரே சேகரிப்புத் தொட்டியில் விழுகின்றன. துரு எடுக்கும் அமிலத் தொட்டி நிரம்பி வழிந்தால் அதுவும் அங்கேதான் வந்து சேர்கிறது. சுண்ணாம்பு போட்டு பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8.5-க்குக் கொண்டுவந்து, கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் தூவி, கசடைப் படியவிட்டுத் தெளிந்த தண்ணீரை வெளியே விடுகிறார்கள். துத்தநாகமும் குரோமியமும் வரம்புக்குள் நிற்கின்றன. நிக்கல் மட்டும் அடங்கவில்லை. உள்ளே வரும்போது லிட்டருக்கு 60 மில்லிகிராம், வெளியே போகும்போது 6. அவர்களுடைய கழிவுநீர் அனுமதியில் இருக்கும் வரம்போ 3.

இந்த நிலையில் ஒரு விற்பனையாளர் நுண்ணுயிர்ப் பொடி கொண்டுவந்திருக்கிறார். தொட்டியில் போட்டால் 48 மணி நேரத்தில் 95 சதவீத உலோகத்தைக் கிருமிகள் தின்றுவிடும், கசடே வராது, சுண்ணாம்பை நிறுத்திவிடலாம் என்பது அவர் வாக்குறுதி. ஏற்கெனவே குவிந்திருக்கும் கசடை மண்புழு உரமாக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். பட்டறைக்குப் பின்னால் தண்ணீர் போய் நிற்கும் குட்டையில் ஆகாயத்தாமரை வளர்ப்பது போதுமா என்றும் வாசகி கேட்கிறார். அந்தச் செடியை அக்கம்பக்கத்து மாடுகள் தின்கின்றனவாம்.

முதலில் அந்தத் தலைவலி

அன்புள்ள வாசகிக்கு,

கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொட்டியைக் கலக்கும் தொழிலாளிக்கு அடிக்கடி தலைவலி வருகிறது, வெயிலாக இருக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் சயனைடு தண்ணீரும் அமிலமும் சேர்கிற தொட்டியின் மேல் குனிந்து வேலை செய்கிறவருக்குத் தலைவலி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நச்சு வாயுவைத்தான். பி.எச். 9.2-க்குக் கீழே இறங்கினாலே கரைந்திருக்கும் தனிச் சயனைடில் (உலோகத்தோடு பிணையாத சயனைடு) பாதிக்கு மேல் இந்த வடிவத்துக்கு மாறிவிடும். அமிலம் வழிந்து வரும் நாளில் அது தண்ணீரை விட்டு வெளியே கிளம்பும். கசப்பு பாதாம் வாசனை வரும் என்பார்கள். பிறவியிலேயே அந்த வாசனை தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. மூக்கை நம்பி இதில் இறங்கக் கூடாது.

அமிலத் தொட்டியின் வழிகுழாயை இன்றே அடைத்து வேறு தொட்டிக்குத் திருப்புங்கள். அதுவரை அந்தச் சேகரிப்புத் தொட்டிப் பக்கம் யாரும் தனியாகப் போக வேண்டாம். அந்தத் தொழிலாளியை மருத்துவரிடம் அனுப்பும்போது "சயனைடு வேலை" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அவர் தானாகச் சொல்ல மாட்டார், மருத்துவருக்கும் தோன்றாது. பிளீச்சிங் பவுடரை அமிலம் கலந்த தண்ணீரில் போட்டால் குளோரின் கிளம்பும் என்பதையும் அங்கு வேலை செய்கிற எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

கிருமி எதைத் தின்னும், எதைத் தின்னாது

இப்போது பொடிக்கு வருவோம். உயிரியல் முறையில் உலோகத்தை நீக்குவது ஏமாற்று வேலை கிடையாது. உலகம் முழுக்க ஆய்வு நடக்கிற, சில இடங்களில் பெரிய அளவில் ஓடிக்கொண்டிருக்கிற தொழில்நுட்பம்தான் அது. விற்பனையாளர் சொன்னதில் "தின்றுவிடும்" என்ற சொல்தான் கோளாறு. சாயம், எண்ணெய், பீனால் போன்றவை மூலக்கூறுகள். கிருமி அவற்றை உடைத்து உணவாக்கிக்கொள்ளும். சயனைடும் அப்படித்தான், அதில் இருப்பது கார்பனும் நைட்ரஜனும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் 1984-லிருந்து கழிவுநீரில் இருந்த சயனைடைப் பாக்டீரியாவைக் கொண்டே சிதைத்தார்கள். நிக்கல் ஒரு தனிமம். அதை உடைக்க எந்த உயிராலும் முடியாது. கிருமியால் அதை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தலாம், ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றலாம். அவ்வளவுதான்.

அந்த நகர்த்தல் சில வழிகளில் நடக்கிறது. கிருமியின் செல்சுவரில் உள்ள எதிர்மின் தொகுதிகளில் உலோக அயனி போய் ஒட்டிக்கொள்ளும். செத்த கிருமியிலும் இது நடக்கும். உயிருள்ள செல் கொஞ்சத்தை உள்ளேயும் இழுத்துக்கொள்ளும். சில வகைகள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உருவாக்கி உலோகத்தைக் கரையாத சல்ஃபைடாகப் படியவைக்கும். சில, நச்சு மிகுந்த ஆறிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறக் குரோமியமாக மாற்றும். பாதரசத்தை ஆவியாக்கிக் காற்றில் விடுகிற பாக்டீரியாக்களும் உண்டு. தண்ணீர்ச் சோதனையில் பாதரசம் குறைந்திருக்கும், ஆனால் அது கூரைக்கு மேலே போயிருக்கும்.

அதனால் யார் எந்த முறையைக் கொண்டுவந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உலோகம் எங்கே போகிறது?" உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 60 மில்லிகிராம், 15,000 லிட்டர் என்றால் நாளுக்கு 900 கிராம் நிக்கல். வருடத்தில் 300 நாள் ஓடினால் 270 கிலோ. கசடே வராது என்றால் அந்த 270 கிலோ எங்கே? தண்ணீரோடு வெளியே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியின் அடியில் சேற்றில் கிடக்க வேண்டும். விற்பனையாளர் இதற்குப் பதில் எழுதிக் கொடுக்கட்டும்.

உங்கள் நிக்கல் ஏன் படிவதில்லை

இதுதான் உங்கள் கடிதத்தின் மையம் என்று நினைக்கிறேன். சுண்ணாம்பு வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்பு தன் வேலையைச் செய்கிறது. நீங்கள் அதனிடம் முடியாததைக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு உலோகமும் ஹைட்ராக்சைடாகப் படிவதற்கு அதற்கென்று ஒரு பி.எச். உண்டு. மூவிணைதிறக் குரோமியம் 7.5 முதல் 8.5 வரை நன்றாகப் படியும். துத்தநாகம் 9-க்கு மேல் நன்றாகப் படியும், 8.5-இலேயே ஓரளவு படிந்துவிடும். நிக்கலுக்கோ 10, 10.5 வரை போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு அவ்வளவு தூரம் ஏற்றினால், படிந்த குரோமியமும் துத்தநாகமும் மறுபடி கரையத் தொடங்கும். 8.5 குரோமியத்துக்குச் சரி, நிக்கலுக்குப் போதாது.

பி.எச். பாதிக் காரணம்தான். மீதிப் பாதி சயனைடு. நிக்கலும் சயனைடும் சந்தித்தால் ஒரு நிக்கலைச் சுற்றி நான்கு சயனைடு பிடித்துக்கொண்டு மிக உறுதியான ஒரு கூட்டு அயனி உருவாகும். சுண்ணாம்பால் அதைப் படியவைக்க முடியாது. துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் சயனைடைப் பிளீச்சிங் பவுடர் சுலபமாக உடைத்துவிடும். நிக்கலைப் பிடித்திருப்பதை உடைக்கத் திணறும். உங்கள் துத்தநாகம் அடங்கி நிக்கல் மட்டும் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். இரண்டு கழுவுநீரும் ஒரே தொட்டியில் விழுகிறவரை எந்தப் பொடியாலும் இது தீராது. உயிரி உறிஞ்சியும் (உலோகத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் செத்த உயிர்த் திசு) இங்கே கைகொடுக்காது, ஏனென்றால் அந்தக் கூட்டு அயனிக்கு எதிர்மின்னேற்றம். செல்சுவரும் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளிவிடும்.

ஆகவே செலவு செய்ய வேண்டிய முதல் இடம் குழாய். சயனைடு தண்ணீருக்குத் தனித் தொட்டி கட்டுங்கள். அங்கே பி.எச். 10-க்கு மேல் நிறுத்தி ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் பவுடரில் வேலை செய்யும் பொருள்) போட வேண்டும். அதைவிடக் குறைவான பி.எச்-இல் செய்தால் சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயு தங்கிவிடும். அதனால் நீங்கள் இப்போது 8.5-இல் பிளீச்சிங் பவுடர் தூவுவதை நிறுத்துங்கள். சயனைடு போய்விட்டது என்று சோதித்த பிறகே அந்தத் தண்ணீர் மற்றதோடு சேரலாம். நிக்கல் தண்ணீரைத் தனியாக எடுத்து 10.5 வரை ஏற்றிப் படியவிடுங்கள்.

அதற்கும் முன்னால், நிக்கல் கழுவுநீருக்கு வருவதையே குறைக்கலாம். நிக்கல் தொட்டியிலிருந்து சரக்கைத் தூக்கியதும் எவ்வளவு நேரம் தொட்டிக்கு மேலேயே பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். அவசரத்தில் இரண்டு விநாடிகூடப் பொறுக்க மாட்டார்கள். பச்சை நிறத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கழுவுத் தொட்டிக்குப் போகும். மேலே ஒரு கம்பி கட்டி, அதில் மாட்டி 10, 15 விநாடி வடியவிட்டால் போதும். முதல் கழுவலை ஓடாத தண்ணீரில் செய்யுங்கள். நிக்கல் தொட்டி சூடாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும் அல்லவா? அந்தக் குறைவை இந்த முதல் கழுவுநீரால் நிரப்புங்கள். இப்படித் திரும்பும் நிக்கல் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. அடுத்த கழுவல்களை எதிரோட்டமாக, அதாவது தண்ணீர் கடைசித் தொட்டியில் நுழைந்து முன்னோக்கி வருவதுபோல் அமைத்தால் தண்ணீர்ச் செலவும் வெகுவாகக் குறையும். கசடு குறைய வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு நேர்வழி இதுதான்.

உயிரியல் முறை எங்கே பொருந்தும்

நெதர்லாந்தில் புடெல் என்ற ஊரில் உள்ள துத்தநாக உருக்காலையில் 1992-லிருந்து சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களைக் கொண்டு மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்திகரித்தார்கள். பாக்டீரியாவுக்கு உணவாக எத்தனால் கொடுத்தார்கள். அவை தண்ணீரில் இருந்த சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்ற, அது துத்தநாகத்தைப் பிடித்துத் துத்தநாக சல்ஃபைடாகப் படியவைத்தது. அந்தப் படிவு உருக்காலைக்கே தாதுவாகத் திரும்பிப் போனது. கசடு வராமல் போகவில்லை பாருங்கள். வந்த கசடுக்கு அங்கே ஒரு அடுப்பு இருந்தது. சல்ஃபைடுகள் ஹைட்ராக்சைடுகளைவிடப் பல மடங்கு கரைதிறன் குறைந்தவை. இந்த முறையின் பலம் அது.

உங்கள் பட்டறைக்கு இதை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். முலாம் கழுவுநீரில் கிருமிக்குத் தீனி கிடையாது; எத்தனாலோ வெல்லப்பாகோ தொடர்ந்து கொடுக்க வேண்டும். காற்றுப் புகாத தொட்டி வேண்டும். விடுமுறை நாளிலும் பட்டினி போட முடியாது. ஒரு நாள் அமிலமோ சயனைடோ கூடுதலாகப் புகுந்தால் மொத்தக் கூட்டமும் செத்துப்போகும், புதிதாக வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். இதற்கெல்லாம் மேலாக ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆபத்தான வாயு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும்; 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. வாயுக் கண்காணிப்புக் கருவி இல்லாத இடத்தில் அதை வைக்கவே கூடாது.

உயிரி உறிஞ்சி வேறு மாதிரி. கடற்பாசி, ஈஸ்ட், பூஞ்சை ஆகியவற்றின் செத்த திசுவைக் குருணையாக்கிக் குழாயில் அடைத்து, தண்ணீரை அதன் வழியாக விடுவது. தீனி வேண்டாம், விஷத்துக்குப் பயமில்லை. சயனைடைப் பிரித்த பிறகு, படியவைத்த பிறகு, மிஞ்சும் இரண்டு மூன்று மில்லிகிராமை இழுக்க இதைச் சோதித்துப் பார்க்கலாம். சுண்ணாம்பு போட்ட தண்ணீரில் கால்சியம் ஏராளமாக இருக்கும், அது நிக்கலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். பி.எச்-ஐயும் முதலில் இறக்கியாக வேண்டும். அப்புறம், உறிஞ்சி நிரம்பும். அமிலம் விட்டுக் கழுவினால் செறிவான நிக்கல் கரைசல் வரும், அதற்கும் வழி பார்க்க வேண்டும். 1980, 90-களிலேயே இவை சந்தைக்கு வந்துவிட்டன; ஆனாலும் சீராக வேலை செய்யும் அயனிமாற்றப் பிசினை (உலோக அயனியைப் பிடித்துக்கொண்டு வேறு அயனியை விடும் செயற்கை மணிகள்) இவற்றால் ஓரங்கட்ட முடியவில்லை. சிறிய பட்டறைக்குக் கடைசிக் கட்டமாக அந்தப் பிசினும் ஒரு நல்ல தேர்வுதான், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த ஆய்வறிக்கையும் உங்கள் பொறுப்பும்

விற்பனையாளர் கொடுத்த ஆய்வறிக்கையின் நகலைப் பார்த்தேன். 95 சதவீதம் என்பது 100 மில்லிகிராமிலிருந்து 5-க்கு இறங்கியதைச் சொல்கிறது. உங்கள் வரம்பு 3. சதவீதம் யாருக்கும் அனுமதி வாங்கித் தராது, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. இரண்டாவது, மாதிரி வடிகட்டிச் சோதிக்கப்பட்டிருக்கிறது. வடிகட்டினால் கிருமியோடு ஒட்டியிருக்கும் நிக்கல் தாளிலேயே தங்கிவிடும், எண் அழகாக வரும். உங்கள் தொட்டியிலிருந்து அதே கிருமி நிக்கலைச் சுமந்துகொண்டு வெளியே போகும்போது யாரும் வடிகட்டப் போவதில்லை. அமிலத்தில் செரித்து அளந்த மொத்த நிக்கல் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றாவது, அது ஆய்வகத்தில் நிக்கல் சல்ஃபேட்டை நல்ல தண்ணீரில் கரைத்துச் செய்த சோதனை. உங்கள் தண்ணீரில் சயனைடு இருக்கிறது, பளபளப்பூட்டி இருக்கிறது, உப்பு இருக்கிறது.

சோதனை ஓட்டத்துக்கு அவர் தயாரென்றால் மறுக்க வேண்டாம். ஒரு சின்னத் தொட்டியில், உங்கள் தண்ணீரிலேயே, சில வாரங்கள் ஓடட்டும். பொடி போடாத இன்னொரு தொட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே போன நிக்கல், வெளியே வந்த நிக்கல், அடியில் தங்கிய நிக்கல் மூன்றையும் அவருக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகம் அளக்கட்டும். பொடியில் எந்தெந்த உயிரிகள் இருக்கின்றன, பாதுகாப்புத் தரவுத்தாள் எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

சட்டப்படியும் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அனுமதி உங்கள் பெயரில் இருக்கிறது. பொடி தோற்றால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், விற்பனையாளர் இல்லை. அனுமதியில் எழுதியிருக்கும் சுத்திகரிப்பு முறையை மாற்றுவதற்கு முன் உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நிக்கல் வரம்பு மீறுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்த பிறகும் மறைத்துவைப்பதைவிட, குழாய்களைப் பிரிக்கும் திட்டத்தோடும் காலக்கெடுவோடும் நீங்களே போய்ப் பேசுவது உங்களுக்குப் பாதுகாப்பு. நல்ல தண்ணீர் கலந்து எண்ணை 3-க்கு இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். லிட்டருக்கு 6 மில்லிகிராம், 15,000 லிட்டர் என்றால் நாளுக்கு 90 கிராம் நிக்கல்; தண்ணீர் கலந்தாலும் அதே 90 கிராம்தான் வெளியே போகும், குற்றமும் சேரும்.

கசடும் குட்டையும்

மண்புழு உரம் என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். உரமாக்கும்போது கரிமப் பொருள் மட்கிக் குறையும், உலோகம் குறையாது. அதனால் ஒரு கிலோவில் இருக்கும் உலோகத்தின் அளவு முன்னைவிடக் கூடும். மண்புழு அதைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும், அதைத் தின்கிற பறவைக்குப் போகும். துத்தநாகத்தோடு காட்மியமும் மாசாகத் தொற்றிக்கொண்டு வருவது வழக்கம். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் பாசன நீர் வழியாக நெல்லுக்குப் போய், சாப்பிட்டவர்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் அழித்தது. இத்தாய் இத்தாய் நோய் என்று பெயர். 1968-ல் அந்நாட்டு அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. உங்கள் கசடு அபாயக் கழிவு. மழை படாத தரையில், மூடிய பைகளில், எடையும் தேதியும் எழுதி வைத்து, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிவையுங்கள். நிக்கல் கசடைத் தனியாகச் சேர்த்தால் உலோகம் மீட்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. கலந்த கசடை யாரும் சீந்த மாட்டார்கள்.

குட்டை விஷயத்தில் உங்கள் நோக்கம் நல்லது. ஆகாயத்தாமரை உலோகத்தை இழுக்கும் என்பதும் உண்மை. ஆனால் இழுத்ததைப் பெரும்பாலும் வேரில் வைத்துக்கொள்ளும். செடி செத்து அழுகினால் எல்லாம் அடிச் சேற்றுக்கே திரும்பும். காலாகாலத்தில் அறுத்தெடுத்து, கசடைப் போலவே அபாயக் கழிவாகக் கொடுத்தால்தான் அதில் பயன். நாளுக்கு 90 கிராம் நிக்கல் வந்து விழும் குட்டையை ஒரு செடியின் தலையில் கட்டக் கூடாது.

மாடுகள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. அந்த வீட்டாரிடம் நீங்களே நேரில் போய், அந்தச் செடியையும் தண்ணீரையும் மாடுகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள். குட்டையைச் சுற்றி வேலி போடுங்கள். அடிச் சேற்றிலும் பக்கத்துக் கிணறுகளிலும் மாதிரி எடுத்து நிக்கல், குரோமியம், காட்மியம், சயனைடு நான்கையும் பாருங்கள். குடிநீரில் நிக்கலுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.07 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003. கிணற்று முடிவு இவற்றைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு அன்றைக்கே தெரியப்படுத்திவிட்டு, அறிக்கையை எனக்கும் அனுப்புங்கள். அடுத்து என்ன செய்வது என்று அதை வைத்துப் பேசுவோம்.